வள்ளத்துக் கட்டையில் கட்டிய கயிறு

1

நான் இருக்கும் நாட்டின் பெயரை இதில் எழுதவில்லை. இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். முன்பு ஒருமுறை மொழித் தேர்வில் நான் தோற்றதால் தள்ளிப் போனது. இந்த முறையும் என்னால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். "எதை வேணா எழுதுங்க, நாட்டுப் பேரை மட்டும் போட்டுராதீங்க" என்று மனைவி ஜெயராணி சொல்லிவிட்டாள். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய வேலையை நம்பித்தான் நானும் மகள் ஷாரனும் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்தோம்.

குளிர் நாடு, துறைமுக ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறேன். வெட்டிய மீன் வரிசையாக வரும். அதில் மிச்சமிருக்கும் முள்ளை இடுக்கியால் எடுக்க வேண்டும். பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அதோடு கூச்ச சுபாவம். அதனால் எனக்கு அது பிடித்திருந்தது.

போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஹன்னா என்ற அம்மா ஆலைக்கு வந்தார். அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவித் துறையில் வேலை. இந்த நாட்டு அரசாங்கம் தன் மக்களின் வரிப்பணத்தில் ஒரு பங்கை மற்ற நாடுகளுக்கு உதவியாகக் கொடுக்கிறது. அந்தப் பணம் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று இங்குள்ள பலருக்குத் தெரியாது. விலைவாசி ஏறிய பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் துறை ஆட்களை ஊர் ஊராக அனுப்புகிறது. பள்ளிக்கூடம், நூலகம், ஆலை என்று போய், காப்பியும் ரொட்டியும் கொடுத்து, ஒரு படம் போட்டுக் காட்டி, விளக்கம் சொல்வார்கள்.

என் பக்கத்தில் நின்று முள் எடுப்பவர் பீட்டர். நல்ல மனிதர். முதல் குளிர்காலத்தில் என் பூட்ஸைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய பழைய ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் ஹன்னாவிடம் நேராகவே கேட்டார்.

"எங்க அம்மா இருக்கிற முதியோர் இல்லத்துல கூரை ஒழுகுது. கேட்டா காசு இல்லைங்கிறாங்க. ஊர் உலகத்துக்கெல்லாம் கூரை போட மட்டும் எங்கிருந்து வருது?"

ஹன்னா கோபப்படவில்லை. "அதே கேள்வியைத்தான் எங்க அப்பாவும் கேட்கிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்.

2

திரையில் முதலில் ஆப்பிரிக்காவில் ஒரு கிணறு வந்தது. அடுத்து எங்கோ மலை மேல் ஒரு பள்ளிக்கூடம். நான் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தூத்துக்குடி வந்தது.

திரேஸ்புரம் கரை. வரிசையாக வள்ளங்கள், சங்குக் குவியல், பின்னால் துறைமுகத்துப் பளுதூக்கிகள். சங்கு குளிக்கிறவர்களுக்கு இந்த நாடு உதவி செய்கிறது என்று குரல் சொன்னது. அவர்கள் மூச்சுவிடச் சுத்தமான காற்று தரும் புதிய கம்ப்ரசர். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து கைகால் விழுந்தவர்களைப் படுக்க வைத்துக் காப்பாற்ற ஓர் அழுத்த அறை. ஒவ்வொரு வள்ளத்துக்கும் கயிறு பிடிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள்.

அப்புறம் என் மச்சான் முகம் திரை முழுக்க வந்தது.

சிலுவை மச்சான். ரெஜினா அக்காவின் வீட்டுக்காரர். தாடி நரைத்திருந்தது. கடலுக்குள்ளே பயமாக இருக்காதா என்று யாரோ கேட்கிறார்கள். மச்சான் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்.

"என்னத்துக்குப் பயம்? மேல என் மச்சினன் கயித்தப் புடிச்சிருக்கான். மிக்கேல்னு பேரு. அவன் கையில கயிறு இருக்க வரைக்கும் எனக்குப் பயமில்ல."

மிக்கேல் நான்தான். அக்காவுக்கு என்னைத் தவிர வேறு உடன்பிறந்தவர் கிடையாது. நான் இங்கே கையில் ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த காட்சி நடுக்கடல். மச்சான் முங்கிவிட்டார். கம்ப்ரசர் ஓடுகிறது. காற்றுக்குழாய் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதை ஒட்டி, மச்சான் இடுப்பிலிருந்து வரும் கயிறு வள்ளத்து விளிம்பில் ஏறி உள்ளே வந்து, குறுக்குக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கயிற்றை யாரும் பிடிக்கவில்லை.

ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் வேறு ஊர் வந்துவிட்டது. சுற்றிலும் இருந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டையில் கட்டிய கயிறு எதையும் சொல்லாது. கீழே இருப்பவர் எத்தனை தடவை இழுத்தாலும் கட்டைக்குத் தெரியாது.

விளக்குப் போட்டதும் ஹன்னா, "இந்த இடங்கள் எதையாவது தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். பீட்டர் என் தோளைத் தட்டி, "இவர் அந்தச் சங்கு ஊர்க்காரர்தான்" என்றார். ஹன்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமை நகர மண்டபத்தில் பெரிய கூட்டம் இருக்கிறது, நீங்கள் வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்றார். இந்த மொழியில் எனக்குச் சரி என்று சொல்ல வரும். முடியாது என்பதைப் பக்குவமாகச் சொல்லத் தெரியாது. சரி என்றுவிட்டேன்.

வேலை எப்போது முடியும், எப்போது ஊருக்குப் போன் போடலாம் என்று காத்திருந்தேன்.

3

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவரின் கயிறு அவருடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் இருக்கும். சொந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும், சொத்து இருக்கும், பழைய சண்டை இருக்கும். மச்சினனுக்கு ஒரே எண்ணம்தான், தன் கூடப்பிறந்தவள் தாலி இறங்கக் கூடாது. இப்போது முத்து இல்லை, சங்குதான். வெறும் மூச்சு போய்க் கம்ப்ரசர் வந்துவிட்டது. கயிறு மட்டும் மச்சினன் கையிலேயே இருக்கிறது.

அக்கா கல்யாணம் முடிந்து முதல் தடவை மச்சான் கடலுக்குப் போன அன்று எங்கள் அப்பா கரைக்கு வந்து கயிற்றை என் கையில் கொடுத்தார். அதிலிருந்து வெளிநாடு கிளம்பும் வரை நான்தான் பிடித்தேன்.

ஒரு தடவை இழுத்தால் இன்னும் கயிறு விடு, இரண்டு தடவை இழுத்தால் தூக்கு. கற்றுக்கொள்ள அவ்வளவுதான். பிடிக்கப் பிடிக்க மற்றதெல்லாம் தெரியும். மச்சான் பாறைப் பக்கம் நடக்கிறாரா மணலில் நடக்கிறாரா என்று விரல் சொல்லும். சங்கு எடுக்கக் குனிந்தால் கயிறு கொஞ்சம் தொய்ந்து நிமிரும். அப்படித் தொய்ந்த கயிறு ஒருநாள் நிமிரவில்லை. அவர் இழுக்கவும் இல்லை. பார்த்தால் கம்ப்ரசர் நின்று போயிருந்தது. தூக்கிப் போட்டபோது மூக்கில் ரத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "ஏல, நல்ல சங்கு ஒண்ணு கெடந்துச்சு, கெடுத்துட்டியே" என்றார். வீட்டுக்குப் போய் நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை.

நான் வெளிநாடு வரும்போது முதலில் போகச் சொன்னதும் மச்சான்தான். "பொண்டாட்டி அங்கன, நீ இங்கன கயித்தப் புடிச்சிட்டு எத்தன நாளுல இருப்ப? போ, நான் பாத்துக்கிடுதேன்." எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

4

அன்று வேலை விட்டு வந்ததும் போன் போட்டேன்.

"மச்சான், படத்துல ஒங்களப் பாத்தேன்."

"பாத்தியா? எப்படி இருக்கேன், கதாநாயகன் மாரி இருக்கனா?"

"தாடியெல்லாம் நரைச்சிட்டு."

"நரைக்காம? ஒங்க அக்காவயில்லா கெட்டிருக்கேன்."

"கயித்த யாரு புடிக்கா?"

"நீதாம்ல. படத்துல சொன்னது கேக்கலியா?"

"வெளையாடாதிய மச்சான். கட்டையில கெட்டிருக்கிய. பாத்துட்டேன்."

அவருக்குப் பின்னால் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது.

"பக்கத்துல மஞ்சச் சட்ட போட்டு ஒருத்தர் நிக்காருல்லா. அவரு எதுக்கு?" என்றேன்.

"அது ஜான்சன் தம்பி. சாத்தான்குளத்துப் பையன். நல்ல பையன், நீச்சல் தெரியும், நேரமெல்லாம் சரியாப் பாப்பான். திட்டத்துக்காரன் சொன்னாம்னு ஏத்திக்கிடுதேன். ஆனா அவன் யாருல எனக்கு? அவன் கையில கயித்தக் குடுத்தா கரையில என்ன சொல்லுவான்? ரெஜினாவுக்குப் பொறந்த வீட்டுல ஆளு இல்லம்பான்."

"சொன்னாச் சொல்லிட்டுப் போறான்."

"நீ அங்கன உக்காந்து லேசா சொல்லிருவ. இங்கன கெடந்து அதக் கேக்கது ஒங்க அக்கா."

"செத்துப் போனா என்ன சொல்லுவான் மச்சான்?"

இப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. அப்போது பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"என்னது கட்டையில? யாரு செத்தா? போனை இங்க குடுங்க. ஏல மிக்கேலு, என்னல?"

மறைக்க எனக்கு வரவில்லை. சொன்னேன். அக்கா என்னிடம் பேசவில்லை. மச்சானிடம்தான் பேசினாள், சத்தம் போடாமல்.

"ஜான்சன் புடிக்காருன்னுல்லா என்கிட்ட சொன்னிய."

போன் நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்கு நடுவே அவர் இந்நேரம் முங்கியிருப்பார், இந்நேரம் கயிறு கட்டையில் இருக்கும் என்றே ஓடியது. வந்த மீனில் முள்ளை விட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் இரண்டு தட்டைத் திருப்பி அனுப்பினார்.

5

சனிக்கிழமைக் கூட்டத்தில் என்ன பேசுவது என்பதில் வீட்டில் சண்டை வந்தது.

"அரசாங்கத்துப் படத்தப் பொய்னு மேடையில ஏறிச் சொல்லப் போறீங்களா?" என்றாள் ஜெயராணி. "நம்ம பேப்பர் அவங்க மேசையிலதான் கெடக்கு. ஞாபகம் இருக்கா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நான் சொல்லி, பணம் வீண் என்று இவர்கள் நிறுத்திவிட்டால்? கம்ப்ரசரைப் பழுது பார்க்க ஆள் வராது. அழுத்த அறைக்குப் பூட்டு விழும். மச்சானோடு சேர்த்துக் கரையில் எத்தனை பேரை நான் கவிழ்த்தவன் ஆவேன்?

வெள்ளிக்கிழமை, மொழிபெயர்த்துச் சொல்ல ஷாரனைக் கூட்டிக்கொண்டு நூலகத்தில் ஹன்னாவைப் பார்த்தேன். ஷாரனுக்குத் தமிழ் பாதிதான் வரும்.

"மச்சான் யாரு, மச்சினன் யாரு? இங்க ரெண்டுக்கும் ஒரே பேர்தான்ப்பா" என்றாள்.

"என் அக்கா புருஷன் எனக்கு மச்சான். நான் அவருக்கு மச்சினன்."

"அப்ப படத்துல அவர் சொல்ற ஆள் நீங்களா? நீங்க இங்கல்ல இருக்கீங்க."

"அதத்தான் சொல்லச் சொல்லுதேன்."

ஹன்னா படத்தை மறுபடி ஓட்டி அந்த இடத்தில் நிறுத்தினார். கட்டையும் முடிச்சும் தெரிந்தன. அவர் முகம் வெளுத்துவிட்டது. இந்தப் படத்தை எத்தனையோ ஊரில் காட்டியிருப்பதாகச் சொன்னார். தூத்துக்குடித் திட்ட அலுவலகத்துக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கேட்டார். நாங்கள் கிளம்புவதற்குள் பதில் வந்தது. எல்லா வள்ளத்திலும் பயிற்சி பெற்ற ஆள் போகிறார், குறை ஒன்றும் இல்லை.

"போறது என்னவோ உண்மைதான்" என்றேன்.

ஹன்னா மடிக்கணினியை மூடினார். "நாளை கூட்டத்துக்கு இந்தச் செலவை நிறுத்த வேண்டும் என்கிறவர்களும் வருவார்கள். உங்களைச் சொல்லாதீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லுங்கள் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை" என்றார். அவரும் பயந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் அதிகமாகப் பயம் வந்தது.

கூட்டத்தில் நிறையப் பேர். படம் ஓடியது. என் பெயர் மச்சான் வாயில் மறுபடி வந்தது. மேடையில் என்னை நிறுத்தினார்கள். பக்கத்தில் ஷாரன். இந்த ஊர் மொழி ஒரு வார்த்தை வரவில்லை. தமிழில் சொன்னேன்.

"படத்துல கயிறு புடிக்கிறதாச் சொன்ன மிக்கேல் நான்தான். நான் இங்க மீன் ஆலையில முள்ளு எடுக்கேன். அங்க கயித்த யாரும் புடிக்கல. கட்டையில கெட்டியிருக்கு."

ஷாரன் அதை இந்த ஊர் மொழியில் சொல்லி முடித்ததும் நான் வழக்கத்தைச் சொன்னேன். ஜான்சனைப் பற்றிச் சொன்னேன். மச்சான் ஏன் கயிற்றை அவரிடம் கொடுக்கவில்லை என்றும் சொன்னேன். என் பெயரைச் சொல்லி ஓர் ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது நான் சும்மா நிற்க முடியவில்லை, உண்மையைச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

முன்வரிசையிலிருந்து பீட்டர் எழுந்தார்.

"அப்படின்னா அந்த மஞ்சள் சட்டைக்காரருக்கு நாங்க கொடுக்கிற சம்பளம் வீண்தானே?"

"ஆமா" என்றேன். "இன்னைக்கு வீண்தான்."

சிலர் சிரித்தார்கள். ஹன்னா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பாதியில் நிறுத்தினால் இதைத்தான் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

"காத்து வீணில்ல. முன்ன நாங்க வச்சிருந்த மெஷின்ல எண்ணெப் புகையும் சேந்து போகும். மச்சான் வீட்டுக்கு வந்து விடியுமட்டும் இருமுவாரு. இப்ப போன்ல பேசுனா இருமல் சத்தமே இல்ல. அந்த அழுத்த ரூமுக்குள்ள படுத்து எந்திரிச்சு நடந்தவங்களையும் எனக்குத் தெரியும். அதெல்லாம் நீங்க குடுத்ததுதான். கயிறு புடிக்க ஆள அனுப்புறதுக்கு முன்ன, கயித்த யாரு கையில குடுப்பீங்கன்னு எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்."

ஷாரன் இதை மொழிபெயர்த்தபோது நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. என்ன சேர்த்தாய் என்று பிறகு கேட்டேன். "எங்க அப்பா ஆலையில யார்கிட்டயும் பேசவே மாட்டார், இன்னைக்குப் பேசுறார்னா யோசிச்சுப் பாருங்கன்னு சொன்னேன்" என்றாள்.

பீட்டர் உட்கார்ந்துவிட்டார். அவர் மனம் மாறிவிட்டதா என்று தெரியாது. திங்கட்கிழமை என் பக்கத்தில் நின்று, முதியோர் இல்லத்துக் கூரை இன்னும் ஒழுகுவதாகச் சொன்னார். பிறகு, "உன் அக்கா வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றும் கேட்டார். அடுத்த வருடத்துக்குப் பணம் உண்டா இல்லையா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. எங்கள் அனுமதியும் அப்படியே கிடக்கிறது.

6

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் அக்கா போன் போட்டாள்.

"ஏல, அந்தக் கயிறு நம்ம அப்பா ஒன் கையில குடுத்ததுதான?"

"ஆமாக்கா."

"அப்ப அதக் குடுக்க வேண்டியது நீதான். எனக்குக் குடு."

எனக்கு விளங்கவில்லை. அவளே வள்ளத்தில் ஏறிக் கயிறு பிடிக்கப் போகிறாள் என்பது பிறகுதான் விளங்கியது. எங்கள் கரையில் பெண்கள் சங்கு வள்ளத்தில் ஏறியதில்லை. அக்காவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். கடலில் கால் நனைத்ததோடு சரி.

"அக்கா, நீ எப்படி..."

"ஜான்சன் தம்பி கரையில வச்சுப் பழக்கித் தந்தாரு. ரெண்டு நாளா கை தோலு உரிஞ்சிட்டு. ஒங்க மச்சான்தான் குதிக்காவ. பொம்பள ஏறுனா வள்ளம் வெளங்குமான்னு கேக்காவ. கட்டையில கெட்டுனா வெளங்குமான்னு கேட்டேன். மிக்கேலு குடுத்தா வான்னுட்டாவ. நீ குடுக்கியா, இல்லியா?"

என் அக்காவையும் கடலுக்கு அனுப்புவதா? காற்று மாறினால்? வள்ளம் சரிந்தால்? வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேண்டாம் என்றால் மறுபடி கட்டைதான்.

"குடுக்கேன்க்கா" என்றேன்.

மறுநாள் ஆலையில் போனைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டேன். அப்படி வைக்கக் கூடாது, மேற்பார்வையாளர் பார்த்தால் சீட்டுக் கிழியும். இப்போது எனக்குக் கடலில் இரண்டு பேர். மீன் வந்துகொண்டே இருந்தது. மதியம் தாண்டிப் போன் அதிர்ந்ததும் கழிப்பறைப் பக்கம் ஓடினேன்.

"வந்துட்டோம்" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "ரெண்டு தரம் இழுத்தாவ. நானும் ஜான்சனும் தூக்குனோம். வந்துட்டாவ."

"ஒனக்கு ஒண்ணுமில்லியே?"

"ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். கயித்த விடல. ஏல, அவிய முங்குன ஒடன எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. கயிறு கொஞ்சம் தொஞ்சாப் போதும், உசுரு போயி உசுரு வருது. ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"என்னைக்கு?"

"எல்லா நாளும்."

"ஒரு நாளாவது சொன்னியால?"

கதவுக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கும் போறியாக்கா?" என்று கேட்டேன்.

"பின்ன? நாளைக்கும் அவிய முங்கணும்லா" என்றாள்.